குப்பைமேட்டுப் புல்

என் பெரியப்பா ஸ்ரீஸ்கந்தராஜா லண்டன் நகராட்சிக் கவுன்சில் ஒன்றின் வடிகால் பகுதியில் பொறியியலாளராக இருந்தார். இதை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கல்யாண மண்டபங்களில் யாராவது வேலையைப் பற்றி விசாரித்தால் "சிவில் எஞ்சினியரிங்" என்பார். அதற்கு மேலும் கேட்டால் கோல்ஃப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். கேட்டவர் சாப்பாட்டு வரிசையைத் தேடிப் போய்விடுவார்.

1993இல், தென்னமெரிக்கா, துருக்கி, இந்தியா என்று சில வருடங்கள் அலைந்துவிட்டு நான் லண்டன் திரும்பியபோது எனக்கு இருக்க இடமில்லை. ரெய்னர்ஸ் லேனில் பெரியம்மா வசந்தமலர் தன் வீட்டின் சின்ன அறையை ஒழித்துத் தந்தார். எனக்கு முன் அந்த அறையில் குடியிருந்தவை கோல்ஃப் மட்டைகள். நான் வந்த பிறகும் அவை காலி செய்யவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நின்று, இரவில் நான் புரண்டு படுத்தால் என் முதுகில் இடித்தன.

போன இடங்களில் பலவிதமான பக்தர்களைப் பார்த்திருக்கிறேன். முழங்காலால் மலையேறுகிறவர்கள், முதுகில் கொக்கி குத்தித் தேர் இழுக்கிறவர்கள். அவர்கள் யாரும் பெரியப்பாவின் பக்திக்குக் கிட்ட வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாமி அறையில் விளக்கு வைத்த கையோடு, நெற்றியில் திருநீறு காயும் முன்னரே, பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து ஒவ்வொரு மட்டையாகத் துடைப்பார்.

"உந்தக் கம்பியளைத் துடைக்கிற நேரத்துக்கு என்ரை அடுப்பைத் துடைச்சுத் தரலாம்" என்று பெரியம்மா கீழேயிருந்து சத்தம் போடுவார்.

"உமக்கு விளங்காது" என்பார் பெரியப்பா. பெரியம்மாவுக்கு விளங்காதவை என்று அவர் வைத்திருந்தவற்றில் இது முதலாவது.

எண்பதுகளின் நடுவில் கவுன்சிலில் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததாம். அன்றைக்கு மேலதிகாரி, "கோல்ஃப் ஆடுவீர்களா?" என்று பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். இவர் ஆடுவேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள்தான் மட்டை வாங்கப் போனார். மேலதிகாரி அதற்குப் பிறகு கோல்ஃப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பெரியப்பா நிறுத்தவில்லை. மஞ்சள் கட்டம் போட்ட ஸ்வெட்டரும் இடக்கைக்கு மட்டும் ஓர் உறையுமாக, பந்து அடித்துப் பழகும் கொட்டகை ஒன்றில் வருடக்கணக்காக அடித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது விளையாட்டல்ல, ஒரு கிளப். பின்னர் என்ற ஊரைத் தாண்டிப் போனால் வரும் அந்தக் கிளப்பின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அவர்களுக்குப் பெருமையாகிவிடும். ஞாயிறு பின்னேரங்களில் பெரியப்பா எங்களை ஏற்றிக்கொண்டு அங்கே போவார். கறுப்பு இரும்புக் கேற்றில் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று ஒரு பலகை தொங்கும். காரை எதிரே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"பார் பிள்ளை, என்ன புல்லு!"

"புல்லு தெரியேல்லைப் பெரியப்பா. வேலிதான் தெரியுது."

"வேலியே இப்பிடி எண்டால் உள்ளை எப்பிடி இருக்கும்!"

இதே லண்டனில் யாரும் போய் விளையாடக்கூடிய மைதானங்கள் இருக்கின்றனவே, அங்கே போனால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஆரும் போகக்கூடிய இடத்துக்குப் போறதிலை என்ன இருக்கு?"

அவருடைய வாழ்க்கையின் சாரம் அந்த ஒரு கேள்விதான். மற்றவர்கள் போகமுடியாத ஓர் இடத்துக்குள் தான் போகவேண்டும். போனபின் கேற்றைச் சாத்திவிடவேண்டும்.

அந்தக் கேற்றைத் திறக்க உள்ளே இருக்கும் ஒருவர் பெயர் முன்மொழிய வேண்டும். பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒரே உறுப்பினர் டாக்டர் ரங்கராஜன். மெட்ராஸ்காரர், எலும்பு வைத்தியர், அந்தக் கிளப்பில் இருந்த ஒரே தமிழர். ஒருமுறை பெரியப்பாவின் முழங்காலைப் பார்த்தவர். முழங்கால் சுகமான பிறகும் பெரியப்பா அவரை விடவில்லை. தீபாவளிக்குப் பலகாரம், பொங்கலுக்குப் பொங்கல், மாம்பழக் காலத்தில் ஒரு பெட்டி மாம்பழம்.

மாம்பழம் வேலை செய்தது. யாழ்ப்பாணத்தில் பெரியப்பா படித்த பள்ளிக்கூடத்துக்கு லண்டனில் ஒரு பழைய மாணவர் சங்கம் இருந்தது. அதன் முதலாவது கோல்ஃப் நாளைத் தன் கிளப்பிலேயே நடத்த இடம் கேட்டுத் தருவதாக டாக்டர் ஒப்புக்கொண்டார். எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து வடையைச் சாம்பாரில் தோய்த்தபடி அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"ஒரு பன்னெண்டு பேர் வாங்க மிஸ்டர் ஸ்ரீ. செகரட்டரிகிட்ட நான் பேசிக்கறேன். அன்னிக்கே உங்க ஆட்டத்தையும் பார்த்துடறேன். அதுக்கப்புறம் உங்க பேரைப் போட்டுடலாம்."

அன்றிரவு பெரியப்பா மட்டைகளை இரண்டு தடவை துடைத்தார்.

அழைப்பு அட்டை ஆங்கிலத்தில், தடித்த காகிதத்தில் அச்சானது. பெரியப்பா வெள்ளைக்காரனைப்போல அதைத் தபாலில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தார். அங்கேதான் பிழை நடந்தது. எங்கள் ஆட்களிடம் அட்டை வெறும் காகிதம். வீட்டுக்காரி போன் எடுத்து "கட்டாயம் வரவேணும்" என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அது அழைப்பு. சொல்லாவிட்டால் அவமானம். "கார்ட் வந்தது, ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்று பத்து வருடத்துக்குக் கதைப்பார்கள். ஆகவே பெரியம்மா ஒரு வாரம் போனடியில் இருந்தார்.

"ஓமோம், பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. பெரிய வளவாம், ஓடி விளையாட நல்ல இடம். சாப்பாட்டைப் பற்றி யோசியாதையுங்கோ, நாங்கள் கொண்டுவாறம். மாமியையும் ஏத்திக்கொண்டு வாங்கோவன், பாவம், வீட்டுக்குள்ளையே கிடக்கிறா."

ஒரு வியாழக்கிழமை காலை கிளப்பின் செகரட்டரி எங்கள் வீட்டுக்கு போன் செய்தார். பெரியப்பா வேலைக்குப் போய்விட்டார். நான் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மதியத்துக்கு மீனா, மாட்டிறைச்சியா என்று அவர் கேட்டிருக்கவேண்டும். நீங்கள் சிரமப்படவேண்டாம், சோறும் கறியும் நாங்களே கொண்டுவருகிறோம் என்று பெரியம்மா நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். எத்தனை பேர் என்றதற்கு, பிள்ளைகளைச் சேர்க்காமல் எண்பது என்றார். கடைசியாக, பாய் விரிக்க எந்தப் பக்கம் நிழல் இருக்கும் என்று கேட்டார். மறுமுனையில் சத்தமே இல்லை.

"நல்ல மனுசன்" என்று போனை வைத்தார் பெரியம்மா. "வடிவாக் கேட்டுக்கொண்டிருந்தவர்."

பின்னேரம் டாக்டர் ரங்கராஜன் போன் செய்தார். கிளப் இடம் தரமாட்டேன் என்றுவிட்டது. கோல்ஃப் நாளுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. பெரியப்பா கோட்டைக் கழற்றாமலே சமையலறைக்குள் வந்தார்.

"நீர் ஏன் ஊரெல்லாம் கூப்பிட்டனீர்?"

"கூப்பிடாமல்? கார்டை மட்டும் அனுப்பினால் ஆர் வருவினம்? நாளைக்கு எங்கடை வீட்டு விசேஷத்துக்கு ஒரு நாயும் எட்டிப் பாராது."

"பன்னிரண்டு பேருக்கு மேலை விடமாட்டினம் எண்டபடியால்தானே அது கிளப்!"

"பன்னிரண்டு பேரோடை என்னப்பா கொண்டாட்டம்? செத்தவீட்டுக்கே காணாது."

பெரியப்பா கோட்டோடேயே நாற்காலியில் சரிந்தார்.

அந்த நேரத்தில்தான், பெரியம்மாவின் போன் அழைப்புக்கு நேரில் பதில் சொல்ல, தில்லையம்பலம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பெரியப்பாவின் பள்ளிக்கூடத்தில் சில வகுப்புகள் கீழே படித்தவர். அகதியாக வந்து, ஹவுன்ஸ்லோவில் குடியிருந்து, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை செய்தார். அவருக்கும் கோல்ஃப் பைத்தியம் உண்டு. கடையில் தனித்தனியாகக் கழித்துப் போட்ட மட்டைகளைச் சேர்த்து ஒரு பை வைத்திருந்தார். பெரியப்பா அவரைச் சங்கக் கூட்டங்களில் கண்டால் தூரத்திலிருந்து தலையசைப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

"அண்ணை, ஏன் இப்பிடி இடிஞ்சுபோய் இருக்கிறியள்? எங்கடை பக்கத்திலை கவுன்சில் கோல்ஃப் கோர்ஸ் கிடக்கு. ஆரும் வரலாம், எத்தினை பேரும் வரலாம், ஒருத்தனும் ஒண்டும் கேக்கமாட்டான்."

ஆரும் வரலாம் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியப்பாவின் முகம் புளி தின்றதுபோல் ஆனது. "அது குப்பை கொட்டின இடமெல்லோ?"

"கொட்டினதுதான். பிறகு மூடிப் புல்லுப் போட்டிட்டாங்கள். குப்பை கீழை, நாங்கள் மேலை. வேறை என்ன வேணும் உங்களுக்கு?"

வேறு வழியில்லாமல் இடம் மாறியது. சங்கத் தலைவர் பாலேந்திரா உடனே போன் எடுத்தார். லூயிஷாம் பக்கம் சொலிசிட்டராக இருந்தவர். சட்டம் படித்தவர்களுக்கே உரிய மெல்லிய குரலில் மிதிப்பார்.

"சிறி, குப்பைமேட்டிலை நாங்கள் மட்டை தூக்கிறதாய் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வாறம்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். விளையாட மிஞ்சியது பெரியப்பா, தில்லையம்பலம், டாக்டர் ரங்கராஜன். டாக்டர் மரியாதைக்காக வருவதாகச் சொன்னார். அதைக் கேட்டதும் பெரியப்பாவின் மூளை மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. இரவுச் சாப்பாட்டில் தன் கணக்கை எனக்கு விளக்கினார்.

"இடம் எவ்வளவு கேவலமோ அவ்வளவு நல்லது, பிள்ளை. என்னைப்போல ஒருத்தன் இப்பிடி ஒரு இடத்திலை கிடந்து உழலுறதை டொக்டர் கண்ணாலை பாத்தால் அடுத்த நாளே பேரைப் போட்டிடுவார்."

இடம் கேவலமாக இருக்கவேண்டும் என்று அவர் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். அந்த வாரம் முழுவதும் மழை கொட்டியது. ஒவ்வொரு நாளும் யன்னலால் வெளியே பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

ஞாயிறு காலை போய் இறங்கினோம். பிள்ளையார் கைவிடவில்லை. கார் நிறுத்துமிடம் சேற்றுக் குளம். ஒரு பழைய கொள்கலனை வெட்டிச் செய்த அலுவலகம். பக்கத்தில் உருளைக்கிழங்கு பொரிக்கும் எண்ணெய் மணம். தலைக்கு மேல் விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போயின. நேரே முன்னால் ஒரு மண்மேடு, அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"பாத்தியளோ டொக்டர்?" என்றார் பெரியப்பா துக்கம் விசாரிக்கும் குரலில். "நாங்கள் படுகிற பாடு இதுதான்."

மட்டைப் பை வண்டியை இழுக்க என்னைக் கூட்டி வந்திருந்தார். தன் பையைத் தானே இழுப்பவனை டாக்டர் மதிக்கமாட்டாராம். டாக்டர் காரிலிருந்து தன் பையை இறக்கித் தானே இழுத்துக்கொண்டு நடந்தார்.

தில்லையம்பலம் முதலில் அடித்தார். பந்து பக்கவாட்டில் போய்ப் பற்றைக்குள் விழுந்தது. சட்டைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தார். "அது பழக. ஆட்டம் இனித்தான்."

பிறகு மண்மேட்டைத் தாண்டினோம்.

எனக்குக் கோல்ஃப் பிடிக்காது. நல்ல நிலத்தை வேலி போட்டுச் செழித்த மனிதர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு என்பதுதான் என் எண்ணம், இன்றும் அதுதான். ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். மேட்டின் அந்தப் பக்கம் அழகாக இருந்தது. குப்பை கொட்டிய குவியல்கள் குன்றுகளாகவும் பள்ளங்களாகவும் மாறி, அவற்றின் நடுவே குறுகிய புல்வழிகள் வளைந்து போயின. கரையெல்லாம் பிளாக்பெரி காய்த்திருந்தது. ஒரு வாரம் பெய்த மழையில் ஒரு சொட்டும் தேங்கவில்லை. புல் குட்டையாக, காய்ந்து, மிதித்த காலை மேலே தள்ளியது. ஒரு குன்றின் உச்சியில் நின்றபோது விமானங்கள் கிட்டத்தட்டக் கண்மட்டத்தில் போயின. கீழே பள்ளத்தில் வெட்டி வழித்த பச்சை வட்டம், அதில் கொடி, பின்னால் நாணல் குளம்.

"அடேயப்பா" என்றார் டாக்டர்.

"காத்துத்தான் கொஞ்சம் மோசம்" என்றார் பெரியப்பா அவசரமாக.

"காத்து இருந்தாத்தானே சார் ஆட்டம்?"

ஒவ்வொரு குழிக்கும் டாக்டரின் முகம் மலர்ந்தது, பெரியப்பாவின் முகம் சுருங்கியது. குறை தேடிக்கொண்டே நடந்தார். விமானச் சத்தம் என்றார். டாக்டருக்குக் கேட்கவில்லை. மணம் வருகிறதோ என்று மூக்கை உறிஞ்சினார். காட்டுப் புதினா மணத்தது. நல்ல மைதானம் ஒன்று ஒரு மனிதனை இப்படி வதைத்து நான் பார்த்ததில்லை.

பிறகு டாக்டர் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இவ்ளோ மழைக்கும் எப்படி சார் இப்படி டிரையா இருக்கு?"

பெரியப்பா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை. "கீழை சரளை போட்டிருக்கிறாங்கள், டொக்டர். மேட்டை அள்ளிக் கொட்டேக்கையே சரிவு பாத்துக் கொட்டியிருக்கு. அந்தா தெரியுதே பள்ளம், தண்ணி முழுக்க அங்கை இறங்கும். அந்தக் குளம் சும்மா வடிவுக்கில்லை. ஆரோ நல்லாச் செய்திருக்கிறான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுதானே என்ரை வேலை. நான் வடிகால் பகுதி."

இத்தனை வருடமாக ஒளித்து வைத்ததை, தான் வெறுக்க வந்த இடத்தைப் புகழ்வதற்காகச் சொல்லிவிட்டார். சொன்னது அவருக்கே தெரியவில்லை. அடுத்த பந்தை அடித்தார். அது குன்றிலிருந்து பறந்து, வட்டத்தின் கரையில் விழுந்து, சரிவோடு சரிவாக உருண்டு கொடிக்குப் பக்கத்தில் நின்றது. அவர் வாழ்க்கையில் அடித்த மிக நல்ல அடி.

"அண்ணைக்குக் குப்பைதான் ஒத்துவருது!" என்று கத்தினார் தில்லையம்பலம்.

பெரியப்பா சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு அரைமணி நேரம், துக்கப்படவேண்டும் என்பதை மறந்துபோய் விளையாடினார்.

கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பியபோது சனம் வந்து நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பாய், பாயின் மேல் இடியப்பப் பெட்டிகள், ஆட்டிறைச்சிக் கறிச் சட்டிகள். பிள்ளைகள் சேற்றில் கிரிக்கெட் அடித்தார்கள். பாலேந்திராவும் கூட்டாளிகளும் பித்தளைப் பொத்தான் வைத்த பிளேசர்களில், சப்பாத்து புதைய, கார்களில் சாய்ந்து நின்றார்கள்.

"நல்ல இடம் பிடிச்சிருக்கிறாய், சிறி. கவுன்சில்காரன் கவுன்சிலுக்குத்தானே போவான்."

எல்லாரும் சிரித்தார்கள். மண்மேடு அவர்களுக்கு முன்னாலேயே இருந்தது. ஒருவராவது ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சேற்றையும் எண்ணெய் மணத்தையும் பார்த்ததோடு அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பெரியம்மா பொரித்துக் கொண்டுவந்த இறைச்சி ரோல்ஸை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றார்கள்.

டாக்டருக்கென்று பெரியம்மா தனியாக எடுத்து வைத்த தேங்காய்ப்பால் சொதியோடு அவர் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பார்க்க எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"டொக்டர், அந்தப் பேர் போடுற விஷயம்..."

"அதைத்தான் சார் சொல்லணும்னு இருந்தேன். நான் அங்கேருந்து விலகிடலாம்னு பார்க்கறேன்."

"விலகிறதோ?"

"பின்ன என்ன? மழை பெஞ்சா அங்கே முழங்கால் தண்ணி, மூடிடுவான். தொறந்திருந்தாலும் என்கூட ஆட ஆள் கிடையாது. எல்லாரும் குட் மார்னிங் சொல்வாங்க. ஆட மட்டும் அவங்களுக்கு வேற ஆள் ரெடியா இருக்கும். வருஷக்கணக்கா தனியாத்தான் ஆடிட்டிருக்கேன்." சொதியை உறிஞ்சினார். "இங்கே சீசன் டிக்கெட் வாங்கிக்கலாம்னு இருக்கேன். சனிக்கிழமை நீங்களும் வந்துடுங்க."

பெரியப்பாவின் கையில் பாதி கடித்த ரோல் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேற்றுக்குள்ளே அவருக்குத் தெரிந்த ஒரே மனிதர், இடியப்பத்தை மென்றபடி வெளியே வந்துவிட்டார்.

ஒரு மாதம் மட்டைகள் என் அறையில் தூசி பிடித்தன. ஞாயிறு பின்னேரப் பயணங்களும் நின்றன. பிறகு ஒரு சனிக்கிழமை காலை டாக்டரின் கார் வாசலில் ஹோர்ன் அடித்தது. பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த சனிக்கிழமை ஹோர்ன் அடிக்குமுன் வாசலில் நின்றார். அதற்கு அடுத்த சனிக்கிழமை, தில்லையம்பலத்துக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டச் சொன்னார். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் "விளையாட" என்பார். வேலையை ஒளித்த மனிதர் இப்போது மைதானத்தை ஒளித்தார். அது வெட்கத்தால் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து லூயிஷாம் சிவன் கோயிலில் ஒரு விசேஷ நாளில் பாலேந்திரா எங்களைப் பிடித்துக்கொண்டார். வேட்டி சால்வையிலும் அவர் சொலிசிட்டராகவே தெரிந்தார்.

"சிறி, உன்ரை டொக்டர் பெரிய கிளப்பை விட்டிட்டு இப்ப அந்தக் குப்பைமேட்டுக்குத்தான் வாறாராம், மெய்யோ? அப்ப இடம் அவ்வளவு மோசமில்லைப் போலை. நாங்களும் ஒரு நாலைஞ்சு பேர் வந்து பாப்பமெண்டு யோசிக்கிறம்."

எனக்குள் ஒரு சின்ன நம்பிக்கை எழுந்தது. இதோ சந்தர்ப்பம். மேட்டுக்கு அப்பால் இருப்பதைச் சொல்லி, அன்று பிளேசரில் நின்று சிரித்தவர்களின் முகத்தில் கரியைப் பூசலாம்.

பெரியப்பா சொல்லவில்லை. அவர் முகம் மெல்ல மெல்ல இறுகி, நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கேற்றில் தொங்கிய பலகையைப்போல ஆனது.

"அங்கையோ? சீச்சீ, வராதை பாலா. மணம் தாங்கேலாது. வெய்யிலுக்குக் குப்பை கிளம்பி மேலை வருது. டொக்டர் பாவம், ஏதோ எனக்காகத்தான் வாறார். உங்களைப்போல ஆக்களுக்குச் சரிவராது."

சந்நிதியில், கையில் அர்ச்சனைத் தட்டோடு நின்று சொன்னார்.

எங்களுக்குப் பின்னால் திருநீறு பூசிக்கொண்டு நின்ற தில்லையம்பலம் தலையை நீட்டினார். ஆரும் வரலாம், எத்தினை பேரும் வரலாம் என்று சொன்ன அதே தில்லையம்பலம்.

"ஓமண்ணை. எலியும் இருக்கு. ஒவ்வொண்டும் பூனை அளவு."

பாலேந்திரா குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, ஓரடி தள்ளி நின்றார்.